பெட்டிக்குள் ஓர் ஆறு

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பிளாட் ஆற்றை ஒட்டிக் கிராண்ட் ஐலண்ட் என்றொரு ஊர். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள். 1989-ல் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு திருவிழா தொடங்கியது. விளையாட்டு உண்டு, கையால் செய்து பார்க்கும் பாடங்கள் உண்டு. விழா எடுத்ததோ யாரும் கண்ணால் பார்த்திராத ஒன்றுக்கு: நிலத்தடி நீருக்கு.

அந்த மாநிலத்தில் பெரும்பாலானோர் குடிப்பது நிலத்தடி நீர்தான். ஓகலாலா என்ற பெரும் நீர்த்தாங்கி அவர்கள் காலடியில் கிடக்கிறது. வயலுக்கு இட்ட உரமும் பூச்சிமருந்தும் அதில் இறங்கினால் என்ன ஆகும்? பிளாட் சமவெளியில் பரவிய புற்றுநோய்க்கும் குடிநீருக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கவலைதான் சூசன் சீக்ரெஸ்ட் என்ற பெண்மணியை 1985-ல் நிலத்தடி நீருக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்க வைத்தது. துண்டறிக்கை அச்சிட்டுக் கொடுத்தால் பெரியவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டி, தண்ணீரையும் மணலையும் அவர்கள் கையில் கொடுத்தால் விஷயம் வீடு வரைக்கும் போகும். கிராண்ட் ஐலண்ட் விழா அப்படிப் பிறந்தது. அதைப் பார்த்துப் பல மாநிலங்கள் தங்கள் ஊர்களில் நீர்த் திருவிழா எடுத்தன.

இந்த விழாக்களில் இன்றும் கூட்டம் சேர்க்கும் பாடம் ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் கோப்பையில் பனிக்கட்டித் துண்டுகளைப் போடுவார்கள். அவை சரளைக் கற்கள். நிறமில்லாத சோடாவை அவற்றின் மேல் ஊற்றுவார்கள். அது நிலத்தடி நீர். அதற்கு மேல் ஒரு கரண்டி ஐஸ்கிரீம், நீர் எளிதில் புகாத களிமண் அடுக்கு. அதன் மேல் தூவும் வண்ண மிட்டாய்த் துகள்கள் மேல்மண். பிறகு இரண்டு சொட்டுச் சாயம் விடுவார்கள். அதுதான் மாசு. கடைசியில் ஓர் உறிஞ்சுகுழலை உள்ளே செருகினால் ஆழ்துளைக் கிணறு தயார். பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச நீர்மட்டம் இறங்கும், மேலே இருந்த சாயம் கீழே வரும். பாடம் முடிந்ததும் பாடத்தையே குடித்துவிடலாம்.

வைகை மணலிலும் பாலாற்று மணலிலும் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் தண்ணீர் மொண்ட தலைமுறைக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதே இல்லை. மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது, தோண்டினால் ஊறும், ஓயாமல் மொண்டால் வற்றும், கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஊறும், பக்கத்தில் இன்னொருவர் ஆழமாகத் தோண்டினால் நம் ஊற்று வறண்டுவிடும். நிலத்தடி நீரியலில் பாதி அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் போட்டால் மாடித் தொட்டி நிரம்பும் வீட்டில் பிறந்த பிள்ளைக்குத்தான் அந்தக் குழியை யாராவது திரும்பத் தோண்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் காட்டுவது ஒரு தொழிலாக வளர்ந்த கதை இது. அந்தக் கதை திருவிழாவில் தொடங்கவில்லை. பொறியாளர்களின் பரிசோதனைக் கூடத்தில் தொடங்குகிறது.

பிரான்சின் டிஜோன் நகரம். ஹென்றி டார்சி அந்த ஊரிலேயே பிறந்தவர். தொலைவிலிருந்த ஊற்றுநீரை மூடிய கால்வாய் வழியே கொண்டுவந்து ஊருக்குக் குடிநீர் கொடுத்த பொறியாளர். பிற்காலத்தில், ஊர் மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில், ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்பு உருளையில் மணலை நிரப்பி, மேலே தண்ணீரை விட்டு, கீழே எவ்வளவு வருகிறது என்று அளந்தார். மணலின் மேலும் கீழும் நீர்மட்ட வேறுபாடு கூடினால் ஓட்டம் அதே விகிதத்தில் கூடுகிறது. மணல் அடுக்கின் நீளம் கூடினால் குறைகிறது. 1856-ல் டிஜோனின் குடிநீர் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் பின்னிணைப்பில் இந்த முடிவு வெளியானது. நிலத்தடி நீர் பற்றிய கணக்குகள் எல்லாம் இன்றும் டார்சி விதியில் தொடங்குகின்றன. விழாக் கோப்பைக்குள் இருக்கும் பனிக்கட்டியும் சோடாவும் அந்த இரும்பு உருளையின் பேரப்பிள்ளைகள்.

அடுத்தவர் இங்கிலாந்தின் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். குழாயில் ஓடும் தண்ணீருக்குள் சாயக்கோடு விட்டு, அது எப்போது நேராக ஓடுகிறது, எப்போது கலைகிறது என்று காட்டியவர். பொறியியல் மாணவர்கள் தினமும் எழுதும் ரெனால்ட்ஸ் எண் அவர் பெயரில் வந்தது. 1885-ல் அவர் மான்செஸ்டரில் மெர்சி ஆற்றின் கழிமுகத்தை ஒரு தொட்டிக்குள் கட்டினார். அடியில் தட்டையாக மணலைப் பரப்பி, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கடல் ஏறி இறங்கும்படி தண்ணீரை அசைத்தார். ஓதம் ஆயிரக்கணக்கான தடவை வந்து போன பிறகு, யாரும் கை வைக்காமலே, மணலில் கால்வாய்களும் திட்டுகளும் தாமாக உருவாகி நின்றன. அவை உண்மையான மெர்சியின் கால்வாய்களை ஒத்திருந்தன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆற்றைச் சுருக்கும்போது அகலத்தையும் ஆழத்தையும் ஒரே அளவில் சுருக்கினால், பல கிலோமீட்டர் அகலமுள்ள கழிமுகம் ஒரு மேசை அளவாகும்போது அதன் ஆழம் மயிரிழை அளவாகிவிடும். மயிரிழை ஆழத்தில் தண்ணீர் ஆற்றைப் போல ஓடாது, ஈரமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் ரெனால்ட்ஸ் ஆழத்தை மட்டும் குறைவாகச் சுருக்கினார். பெட்டி ஆற்றில் பள்ளங்கள் நிஜத்தைவிட மிகச் செங்குத்து. இது ஒரு பொய். தெரிந்தே, காரணத்தோடு, அளவோடு சொல்லும் பொய். இந்தத் தொழிலில் பின்னால் வந்த எல்லோரும் இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்தில் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னவர்கள் நல்ல மாதிரிகளைக் கட்டினார்கள்.

1927-ல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்து லட்சக்கணக்கானோரை வீடிழக்கச் செய்தது. அதன் பிறகு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை விக்ஸ்பர்க்கில் நீரியல் ஆய்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவர்கள் எடுத்த முடிவு இன்று நினைத்தாலும் வியப்பைத் தரும்: மிசிசிப்பியின் ஒரு பகுதியை மட்டும் பார்த்தால் போதாது, மொத்த வடிநிலத்தையும் சிமென்டில் கட்டிவிட வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் கிளின்டன் ஊருக்கு அருகில் 200 ஏக்கர் நிலத்தில் 1943-ல் வேலை தொடங்கியது. மண்ணை வெட்டிச் சமன்படுத்தியவர்கள் அங்கே முகாமில் இருந்த ஜெர்மானிய, இத்தாலியப் போர்க்கைதிகள். கிடையாக 2,000-ல் ஒரு பங்கு, செங்குத்தாக 100-ல் ஒரு பங்கு. மலைகளிலிருந்து சமவெளி வரை, கிளையாறுகள், கரைகள், மதகுகள் எல்லாம் அந்த நிலத்துக்குள் அடங்கின. பொறியாளர்கள் ஆற்றின் கரையில் அல்ல, ஆற்றுக்கு மேலே நடந்தார்கள்.

1952 ஏப்ரலில் மிசௌரி ஆறு பெருக்கெடுத்தது. ஒமாஹா நகரத்தை வெள்ளம் எட்டுவதற்கு முன்பே மாதிரியில் அந்த வெள்ளத்தை ஓடவிட்டு, தண்ணீர் எந்த உயரத்துக்கு வரும், எந்த இடத்தில் கரை தாங்காது என்று பார்த்துச் சொன்னார்கள். அந்த இடங்களில் மண்மூட்டைகள் ஏறின. மாதிரி 1966-ல்தான் முழுமையடைந்தது. அதற்குள் கணினி வந்துவிட்டது. 1970-களுக்குப் பிறகு அந்த 200 ஏக்கர் ஆறு ஓடவில்லை. ஜாக்சன் நகரப் பூங்காவுக்குள் புதர் மண்டிக் கிடக்கும் அதைத் தன்னார்வலர்கள் சிலர் இப்போது வெட்டித் துப்புரவாக்கி வருகிறார்கள்.

அதன் தம்பிக்கு வேறு கதி வாய்த்தது.

ஜான் ரீபர் நாடகம் போடுபவர். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் குறுக்கே இரண்டு பெரிய தடுப்பணைகள் கட்டினால் கடல்நீர் வெளியே நிற்கும், உள்ளே இரண்டு நன்னீர் ஏரிகள் கிடைக்கும், அணை மேல் சாலையும் ரயிலும் போகலாம் என்று திட்டம் போட்டார். பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பேசி ஆதரவு திரட்டினார். பத்திரிகைகள் எழுதின, அரசியல்வாதிகள் தலையாட்டினார்கள். நாடாளுமன்றம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. ராணுவப் பொறியாளர் படை 1957-ல் சாசலிட்டோவில், போர்க்காலக் கப்பல் கட்டும் தளத்தின் பழைய கிடங்கு ஒன்றில், விரிகுடாவையே கட்டியது. ஒவ்வொன்றும் சுமார் 5 டன் எடையுள்ள 286 கான்கிரீட் பலகைகள். பரப்பு ஒன்றரை ஏக்கர்.

இந்தக் கூடத்துக்குள் நின்று பார்த்தால் தொழிலின் நுணுக்கம் புரியும். கிடை அளவு 1,000-ல் ஒரு பங்கு, செங்குத்து அளவு 100-ல் ஒரு பங்கு. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் நேரம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஓதம் இரண்டு முறை ஏறி இறங்க வெளியே 24 மணி 50 நிமிடம் ஆகும். உள்ளே 14.9 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆழத்தைப் பத்து மடங்கு மிகைப்படுத்தியதால் தண்ணீர் நிஜத்தைவிட வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். அதைத் தடுக்க அடித்தரை முழுக்கச் செப்புத் தகடுகளைக் குத்தி நிறுத்தினார்கள். மொத்தம் ஏறக்குறைய 2,50,000 தகடுகள். குனிந்து பார்த்தால் நாற்று நட்ட வயல் மாதிரி இருக்கும். நிஜ விரிகுடாவில் அளந்த ஓத மட்டமும் மாதிரியில் அளந்த ஓத மட்டமும் பொருந்தும் வரைக்கும் தகடுகளை வளைத்து வளைத்துச் சரி செய்தார்கள். ரெனால்ட்ஸ் சொன்ன பொய்யை அந்தத் தகடுகள் ஒவ்வொன்றாகத் திருத்தின.

பிறகு ரீபரின் அணைகளை மாதிரியில் வைத்தார்கள். விரிகுடா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன நன்னீர் ஏரிகள் அவர் சொன்னபடி அமையாது என்று தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பத்தாண்டுக்கணக்கில் மேடைகளில் தீராத வாதத்தை ஒரு கிடங்குக்குள் இருந்த தண்ணீர் தீர்த்துவைத்தது. இந்த ஓர் இடத்துக்காகவே அந்தக் கட்டடத்தைக் கும்பிடலாம். ஆய்வு வேலை 2000-ல் நின்றது. மிசிசிப்பி மாதிரியைப் போல அதைப் புதரிடம் விடாமல், பொதுமக்கள் வந்து பார்க்கும் இடமாக வைத்துக்கொண்டார்கள்.

ஒரு கேள்விக்கு விடை தேடக் கட்டிய பெட்டிதான் பிற்பாடு காட்சிப் பெட்டி ஆனது. இந்த வரிசை முக்கியம். பொருட்காட்சி அரங்குகளில் பாதி இடத்தை நிரப்பும் மாதிரிகள் நேர் எதிர்த் திசையில் செய்யப்படுகின்றன. முதலில் விடையை எழுதிவிடுகிறார்கள், பிறகு அதற்கேற்ற தெர்மக்கோல் மலையையும் பச்சைப் பெயின்ட் அடித்த மரத்தூளையும் ஒட்டுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். நூறு பேர் அழுத்தினாலும் அதே விளக்குதான். ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1925-ல் பெரும் கட்டடத்துக்குக் குடிபோன டாய்ச்சஸ் அருங்காட்சியகம், பார்வையாளர் தாமே திருகியும் அழுத்தியும் இயக்கும் பொருள்களுக்குப் பேர் பெற்றது. 1931-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்கெனத் தனிக்கூடம் திறந்தபோதும் பொத்தான்கள்தான் பெரிய ஈர்ப்பு. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொருளைத் தொடும் தூரத்துக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம், ஐயமில்லை. ஆனால் பொத்தான், பார்வையாளரின் விரலை மட்டுமே கேட்கிறது.

இதை மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் பிராங்க் ஓப்பன்ஹைமர். அணுகுண்டுத் திட்டத்தில் அண்ணன் ராபர்ட்டோடு வேலை செய்த இயற்பியலாளர். 1949-ல் பழைய அரசியல் தொடர்புக்காகப் பல்கலைக்கழக வேலையை இழந்து, கொலராடோவில் மாடு மேய்த்து, அங்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியரானார். கிடைத்த ஓட்டை உடைசலை வைத்துப் பாடம் நடத்தினார். 1969-ல் அவர் சான்பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் மையத்தைத் திறந்தார். இடம், 1915 உலகப் பொருட்காட்சிக்காகக் கட்டி மிஞ்சி நின்ற அரண்மனை. தச்சுப் பட்டறையைப் பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்தார். ஒரு பொருள் உடைந்தால் எல்லோரும் பார்க்க அங்கேயே செப்பனிட்டார்கள். விளக்கம் சொல்லப் பள்ளி மாணவர்களை அமர்த்தினார். 1970-களில் தங்கள் காட்சிப் பொருள்களைச் செய்யும் முறையைச் சமையல் குறிப்புப் புத்தகம் போலத் தொகுத்து வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். உலகெங்கும் அறிவியல் மையங்கள் அந்தக் குறிப்புகளிலிருந்து சமைத்தன.

வயல்காட்டில் இன்னொரு கிளை தனியாக வளர்ந்தது. 1930-களில் அமெரிக்கச் சமவெளிகளின் மேல்மண் புழுதிப் புயலாய்ப் பறந்த காலம். மண் காப்பு இயக்கத்தின் முன்னோடி ஹியூ ஹேமண்ட் பென்னட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். நாடாளுமன்றக் குழுவின் முன்னால், பளபளப்பான மேசையில் தடித்த துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினாராம். துண்டு குடித்துக்கொண்டது. துண்டை எடுத்துவிட்டு வெறும் மேசையில் இன்னொரு குவளையைக் கொட்டினாராம். தண்ணீர் வழிந்து உறுப்பினர்களின் மடியில் விழுந்தது. மண் காப்புச் சட்டம் 1935 ஏப்ரலில் நிறைவேறியது.

அந்தத் துண்டும் மேசையும் இன்றைய விவசாயக் கண்காட்சிகளில் மழைப்பெட்டியாகியிருக்கின்றன. சாய்வாக வரிசையில் வைத்த தட்டுகள். ஒன்றில் உழுது வெறுமையாக விட்ட மண், ஒன்றில் வைக்கோல் மூடிய மண், ஒன்றில் புல் வேரோடிய மண். மேலே அசைந்தாடும் தெளிப்பான் எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே அளவு மழை பெய்யும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு கண்ணாடிச் சாடிகள்: முன்னால் தொங்குவதில் மேலோடி வழிந்த நீர், அடியில் இருப்பதில் மண்ணுக்குள் இறங்கிய நீர். சில நிமிடங்களில் வெறும் மண்ணின் முன்சாடி காபி நிறத்தில் நிரம்பிவிடும், அடிச்சாடியில் பெரிதாக ஒன்றும் இருக்காது. புல்தட்டில் தலைகீழ். வந்து நிற்கும் விவசாயி முதலில் பார்ப்பது அந்தக் காபி நிறத்தைத்தான். அவர் வயலின் நிறம் அது. இந்தப் பெட்டியில் நேர்மை அதிகம். மண் நிஜமான மண், பல நேரம் அதே ஊர் வயலில் அன்று காலையில் வெட்டி எடுத்தது. ஏதாவது ஒரு தட்டு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டால், ஏன் என்று எல்லோர் முன்னாலும் யோசிக்க வேண்டியதுதான்.

இந்தியாவிலும் ஆற்றைச் சுருக்கும் கலை பழையது. புனே அருகே கடக்வாஸ்லாவில் இன்று இயங்கும் மத்திய நீர், மின் ஆய்வு நிலையம் 1916-ல் வேர்விட்டது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் கட்டி முடிந்தது. அதன் அருகிலேயே தமிழகப் பொதுப்பணித் துறையின் நீரியல் ஆய்வு நிறுவனம் அமைந்தது. அணைகளையும் மதகுகளையும் சிறிதாகக் கட்டி, தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு பெரிதாகக் கட்டும் வேலை அங்கே நடந்து வருகிறது. ஆனால் இந்தப் பெட்டிகள் பொருட்காட்சிக்கு வந்து சேரவில்லை. ஆய்வுக்கூடம் ஒரு பக்கம், பொருட்காட்சி நடக்கும் சென்னைத் தீவுத்திடல் அரங்கு இன்னொரு பக்கம் என்றே இருந்துவிட்டது. பூண்டியின் வாய்க்கால் மாதிரி ஒன்று ஆண்டுதோறும் தீவுத்திடலுக்கு வந்திருந்தால், கூவமும் அடையாறும் வெள்ளத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது சென்னைப் பிள்ளைகளுக்கு எப்போதோ அத்துப்படி ஆகியிருக்கும்.

மக்களிடம் போனவை வேறு வண்டிகள். கல்கத்தாவில் 1959-ல் திறந்த பிர்லா தொழில் அருங்காட்சியகம் 1965-லேயே காட்சிப் பொருள்களைப் பேருந்தில் ஏற்றிக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 2007 அக்டோபர் 30 அன்று டெல்லி சப்தர்ஜங் நிலையத்தில் பிரதமர் மன்மோகன் சிங்கும் ஜெர்மன் தலைவர் ஏஞ்சலா மெர்க்கலும் கொடியசைக்க, 16 பெட்டிகள் கொண்ட சயின்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் கிளம்பியது. 2012-ல் அது பல்லுயிர்ச் சிறப்பு ரயிலாக மாறியது. எட்டுப் பெட்டிகளில் இமயம், கங்கைச் சமவெளி, பாலை, மேற்குத் தொடர்ச்சி மலை, கடற்கரை, தீவுகள் என்று நாட்டின் உயிர்ச்சூழல்கள். 2015-ல் காலநிலைச் சிறப்பு ரயில். முதல் எட்டுச் சுற்றில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். வெயிலில் மணிக்கணக்காய் வரிசையில் நின்று ஏறிய பிள்ளைகளின் ஆர்வத்துக்கு எந்த நாடும் பொறாமைப்படலாம். அந்தக் கூட்டமே வடிவமைப்பாளரின் கையைக் கட்டியும் போட்டது. குறுகிய பெட்டிக்குள் ஒருவர் நின்று விளையாடினால் பின்னால் வரிசை தேங்கும். அதனால் கண்ணால் பார்க்கும் படமும் திரையும் கூடின. கைவைத்துச் செய்து பார்க்க ஆய்வகப் பெட்டி ஒன்றைத் தனியே ஒதுக்கி, பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துச் சோதனை செய்யச் சொன்னார்கள். அது சரியான முடிவு.

சென்னை மந்தைவெளியில் 2002 ஆகஸ்டில் திறந்த மழை இல்லம் ரயிலுக்கு நேர்மாறு. சிறிய இடம், ஒரே விஷயம். ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் சேகர் ராகவன் அதற்கு முன்பே வீடு வீடாய்ப் போய் மழைநீரை மண்ணுக்குள் விடச் சொல்லி வந்தவர். கடலோரத் தெருக்களில் கிணற்று நீர் உப்பாகி வருவதைக் கண்ட அனுபவத்திலிருந்து பிறந்த இயக்கம் அது. மழை இல்லத்தில் மழைநீர் சேகரிப்பை இயங்கும் மாதிரியாகவே வைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு, 2003-ல், தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. என்ன செய்வது, குழியை எங்கே தோண்டுவது என்று தெரியாமல் திகைத்த வீட்டுக்காரர்களுக்குப் போய்ப் பார்க்க ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. காட்சிப் பொருளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்த பார்வையாளர்கள் வேறெங்கும் இத்தனை பேர் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

இந்த நூற்றாண்டில் மணல்பெட்டி இரண்டு புது வடிவம் எடுத்தது. ஒன்று, நீரோட்ட மேசை. இலினாய் மாநிலத்தின் கார்பண்டேல் ஊரில் செய்யும் எம்ரிவர் மேசையில் மணலுக்குப் பதில் பிளாஸ்டிக் மணிகள். மணலைவிட எடை குறைவு, அதனால் சிறு ஓட்டத்திலேயே உருளும். பெருமணி ஒரு நிறம், சிறுமணி ஒரு நிறம். குழாயைத் திறந்து சில நிமிடங்களில் ஆறு வளையத் தொடங்கும், வெளிவளைவு அரிபடும், உள்வளைவில் திட்டு சேரும். ஒரு பிள்ளை ஆற்றின் நடுவில் கைநிறைய மணிகளை அள்ளினால் குழி அந்த இடத்தோடு நிற்காது. மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும். மேலே நட்டுவைத்த பொம்மைப் பாலத்தின் கால் கொஞ்ச நேரத்தில் அந்தரத்தில் நிற்கும். மணல் லாரிகளைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அந்த மேசை முன்னால் நின்றால், அள்ளிய இடம் ஒன்று, விழுந்த பாலம் வேறொன்று என்பதை யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்ளும்.

மற்றொன்று ஒளி மணல்பெட்டி. 2010-ல் மைக்ரோசாஃப்ட் வீடியோ விளையாட்டுக்காகக் கைனெக்ட் என்ற ஆழம் அளக்கும் கேமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. செக் நாட்டு ஆய்வாளர்கள் சிலர் அதை மணலுக்கு மேலே மாட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து தூண்டுதல் பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஒலிவர் கிரேலோஸ் மென்பொருளை எழுதினார். மேலே கேமராவும் புரொஜெக்டரும், கீழே சாதாரண மணல். குவித்தால் மேடு நிறம் மாறும், பள்ளம் நீலமாகும், மணல் மேல் சமவுயரக் கோடுகள் தாமாகவே ஓடும். உள்ளங்கையை விரித்து மேலே பிடித்தால் கையின் அடியில் மழை பெய்யும். ஒளியால் ஆன தண்ணீர் சரிவில் வழிந்து ஏரியில் சேரும். மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டதால் நூற்றுக்கணக்கான ஊர்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே தச்சு வேலை செய்து பெட்டி கட்டிக்கொண்டார்கள். ஓப்பன்ஹைமரின் சமையல் குறிப்பு மரபு இங்கே மறுபடி தலைகாட்டுகிறது.

வரைபடத்தில் கோடுகளைப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. இந்தப் பெட்டிக்கும் அதன் பொய் உண்டு, பெரிய பொய். ஒளித் தண்ணீர் மணலை நனைக்காது, கரையை அரிக்காது, வண்டலைச் சுமக்காது. எவ்வளவு மழை பெய்தாலும் மலை அப்படியே நிற்கும். நிலச்சரிவையும் வெள்ளத்தையும் விளக்க இதை அரங்கில் வைக்கும் அமைப்பாளர்கள், பக்கத்திலேயே நிஜத் தண்ணீர் ஓடும் ஒரு தட்டையும் வைக்க வேண்டும். அப்படி வைத்தால், முதல் பெட்டியில் மழையை வரவழைத்த கை இரண்டாவது பெட்டியில் சேறாகும்.

கிராண்ட் ஐலண்டில் தொடங்கிய வகை விழாக்களில் கோப்பைப் பாடத்தோடு இன்னொரு சாதனமும் வழக்கமாக வரும்: நிலத்தடி நீர்த் தொட்டி. இரண்டு விரல் தடிமனே உள்ள கண்ணாடிப் பெட்டி, பக்கவாட்டில் வெட்டிய நிலம் போல. அடியில் சரளை, நடுவில் களிமண் பட்டை, மேலே மணல். ஒரு மூலையில் ஆறு, மறுமூலையில் குப்பைமேடு, நடுவே கண்ணாடிக் குழாய்களாகக் கிணறுகள். குப்பைமேட்டில் சிவப்புச் சாயத்தை விட்டு, கிணற்றில் சிரிஞ்சைப் பொருத்தி ஒரு பிள்ளையை இழுக்கச் சொல்வார்கள். சிவப்பு நூல் ஒன்று மணலுக்குள் மெல்ல நகரத் தொடங்கும். அது நேராகக் கீழே போகாது. யார் இழுக்கிறார்களோ அவர்கள் கிணற்றை நோக்கித் திரும்பும். இன்னொரு பிள்ளை வேறு கிணற்றில் வேகமாக இழுத்தால் நூல் அங்கே வளையும். ஆண்டுக்கணக்கில் நடப்பதைச் சில நிமிடத்தில் காட்டுவது இந்தப் பெட்டியின் பொய். நூல் போகும் வழியில் பொய் இல்லை; டார்சி அளந்த அதே மணல், அதே விதி.

மாலையில் அரங்கைக் கட்டும்போது தொட்டியைக் கழுவ வேண்டும். மேல் மணலில் சுத்த நீர் விட்டால் சிவப்பு கொஞ்ச நேரத்தில் போய்விடும். களிமண் பட்டைக்குள் ஏறியது போகாது. கழுவிவிட்டோம் என்று மூடி வைத்தால் மறுநாள் காலையில் பட்டையிலிருந்து இளஞ்சிவப்பு மெல்லக் கசிந்து மணலில் படர்ந்திருக்கும். அதனால் இந்தத் தொட்டியோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் பெட்டிக்குள் ஒரு பாட்டில் பிளீச்சும் வைத்திருப்பார்கள். தண்ணீரில் கொஞ்சம் கலந்து இரவு முழுக்க ஓடவிட்டால் சாயம் நிறமிழந்துவிடும். முதல் குழுப் பிள்ளைகள் வருவதற்குள் மணல் மறுபடி வெள்ளையாக இருக்கும்.